பயிற்சி முடிந்தும் கடன் கிடைக்கவில்லை என்றால்

இன்னொரு தொழில் பயிற்சி முகாம் நடத்தலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். 40 பேர் பயிற்சி முடித்துத் தொழில் திட்டமும் எழுதிக் கொடுத்த பிறகும் வங்கி ஒருவருக்கும் கடன் தரவில்லை என்கிறீர்கள். குறை அவர்கள் திறமையில் இல்லை. பிணையில், அதாவது கடனுக்கு ஈடாக வங்கி கேட்கும் சொத்தில், இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வளரும் நாடுகளில் பல வங்கிகள் நிலத்தையும் வீட்டையும்தான் பிணையாகக் கேட்கின்றன. இளைஞர்கள், பெண்கள் பெயரில் பத்திரம் இருப்பது அரிது. அவர்களிடம் இருப்பது இயந்திரம், சரக்கு, வர வேண்டிய பாக்கி. இந்த அசையும் சொத்துகளை அடமானமாகப் பதிய ஒரு பதிவேடு வேண்டும். கானாவில் மத்திய வங்கியே 2010-இல் அப்படி ஒன்றைத் தொடங்கியது.

சோதித்துப் பார்க்க: கடன் மறுக்கப்பட்ட பத்துப் பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கடிதத்தில் இருக்கும் காரணத்தை விட, அதிகாரி வாய்மொழியாகச் சொன்னது முக்கியம். பெரும்பாலும் பிணைதான் என்றால், அப்புறம் உங்கள் நாட்டில் அசையும் சொத்துப் பதிவேடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பதிவேடு இருந்தும் கிளை அலுவலருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கடன் திரும்பாதபோது அடமானப் பொருளை வங்கி கைப்பற்ற நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் ஆகும் என்றால், பதிவேடு இருந்தாலும் வங்கி தயங்கும்.

பயிற்சியே வீண் என்று சொல்லவில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவில் சுமார் 1,500 சிறு தொழில்களில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், தானே முன்வந்து செயல்படும் மனப்போக்கை வளர்க்கும் பயிற்சி லாபத்தை ஏறக்குறைய 30% உயர்த்தியது. வழக்கமான வணிகப் பயிற்சிக்கு அந்தப் பலன் இல்லை. நீங்கள் நடத்தியது எந்த வகை?