கறிவேப்பிலை செழித்தும் மணக்காதது ஏன்?

கேள்வி: மாடித் தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடி தளதளவென்று இருக்கிறது, ஆனால் தாளிக்கும்போது மணமே எழுவதில்லை. நிழல்வலை கட்டி, இருவேளை நீர் விட்டு, 15 நாளுக்கு ஒருமுறை யூரியா இடுகிறேன். புளித்த மோரும் ஊற்றிப் பார்த்தேன். என்ன குறை?

பதில்: நீங்கள் குறையேதும் வைக்கவில்லை, கவனிப்புத்தான் சற்றுக் கூடிவிட்டது. ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் ஒளி ஊடுருவும் நுண்புள்ளிகள் தெரியும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவை அடங்கிய குடும்பத்துக்கே உரிய எண்ணெய்ச் சுரப்பிகள் அவை. இலையைக் கசக்கினாலும் காய்ந்த எண்ணெயில் போட்டாலும் அவை உடைந்துதான் மணம் வெளிவருகிறது.

அந்த எண்ணெய் நம் குழம்புக்காக உண்டானதன்று. அதில் பெரும்பங்கு டெர்பீன்கள் எனப்படும் சேர்மங்கள். செடிகள் தம் வளர்ச்சிக்கு வேண்டிய ஜிப்பரெல்லின் ஹார்மோனைத் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்கள் தொல்காலத்தில் இரட்டித்தபோது, ஒரு பிரதி பழைய வேலையைத் தொடர, மற்றது சிறுகச் சிறுகத் திரிந்து புதிய சேர்மங்களை உண்டாக்கத் தொடங்கியது. அவற்றுள் பூச்சிக்கு ஒவ்வாததாகவோ பூஞ்சைக்கு நஞ்சாகவோ அமைந்தவற்றைப் பெற்ற செடிகளே அதிகம் பிழைத்து விதை விட்டன. இது பலமுறை நடந்திருக்கிறது: ஆய்வகங்களில் வளர்க்கப்படும் அரபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் சிறுசெடியில் மட்டும் இவ்வகை மரபணுக்கள் 30-க்கு மேல் உள்ளன. இச்சேர்மங்கள் செடியின் சொந்தச் செல்களையும் தாக்கக்கூடியவை என்பதால்தான் தனி அறைகளில் அடைத்து வைக்கப்படுகின்றன. இருந்தும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அசருவதில்லை; இலையின் வேதிப்பொருள்களையே துப்பாகக் கொண்டு தேடி வந்து முட்டையிடுகிறது. பறவை எச்சம் போன்ற அதன் இளம்புழுவை உங்கள் செடியிலும் பார்த்திருப்பீர்கள்.

டெர்பீன்களின் அடிப்படை கார்பனும் ஹைட்ரஜனும். அந்தக் கார்பன் ஒளிச்சேர்க்கையிலிருந்து வர வேண்டும். நிழலில் அந்த வரவு குறைகிறது. யூரியாவின் தழைச்சத்தும் மிகுந்த நீரும் இருப்பதையெல்லாம் தழை விரிக்கவே செலவிடத் தூண்டுகின்றன. இலை பெருகுகிறது, எண்ணெய் நீர்த்துப்போகிறது.

எனவே நிழல்வலையைப் பத்து நாளில் படிப்படியாக விலக்கி, நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் படச் செய்யுங்கள். ஒரேயடியாக எடுத்தால் இளந்தளிர் கருகும். யூரியாவை நிறுத்தி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி தொழுவுரம் இடுங்கள். விரலை மண்ணில் விட்டு, மேல் ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள். அதற்காகச் செடியை வாடவும் விட வேண்டாம். மோர் மண்ணுக்குச் சிறு உரம், அவ்வளவே. வெயிலுக்கு அது ஈடாகாது. நுனிகளைக் கிள்ளிவிட்டு, இனி வரும் தழையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பழைய இலைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

புதுத்தழையும் மணக்காவிட்டால் கன்றின் ரகத்தில்தான் கோளாறு. அடுத்த முறை நர்சரியில் செங்காம்பு ரகம் கேளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஓர் இலையைக் கசக்கிப் பார்த்துவிடுங்கள்.