அண்ணாச்சி பதில்கள்: இரும்பும் நிலக்கரியும்

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊர் மில்லில் ஹார்விக்கு அப்புறம் வந்த கோட்ஸ் கம்பெனிக்குப் பூர்விகம் ஸ்காட்லாந்து என்று அப்பா சொல்வார். அதே நாட்டில் பிறந்த இயன் மெக்ரிகர்தான் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பூட்டுப் போட்டாராமே, யார் அவர்?
- மில் தொழிலாளி மகன், விக்கிரமசிங்கபுரம்

பதில்: அப்பா சொன்னது சரி. கோட்ஸ்காரர்களுக்குப் பெய்ஸ்லி என்ற ஊர். மெக்ரிகர் பிறந்த கின்லாக்லெவனைப் பார்த்தால் உங்களுக்கு வேற்றூர் மாதிரியே இருக்காது. மலையடிவாரம், மேலே அணை, குழாயில் இறங்கும் தண்ணீரில் மின்சாரம், அதை வைத்து அலுமினிய ஆலை, ஆலையைச் சுற்றி ஊர். பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரால் நூல் மில் ஓட்டினார்களே, அதே யோசனைதான்.

1912இல் பிறந்தவர். அப்பா அந்த ஆலையில் கணக்கு எழுதியவர். பையன் கிளாஸ்கோவில் உலோகவியல் படித்துவிட்டு பார்க்ஹெட் இரும்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வேலைநிறுத்தம் வந்தபோது, ஆள் இல்லாத கிரேனில் தானே ஏறி உட்கார்ந்து ஓட்டினார். மேலிடத்தின் கண்ணில் பட்டுவிட்டார். நானும் ஒரு மில்லின் டைம் ஆபீசில் குப்பை கொட்டியவன்தான். ஸ்டிரைக் நாளில் கேட்டைத் தாண்டி உள்ளே போய் மெஷினைத் தொட்டவனுக்குப் பிரமோஷன் சீக்கிரம் வரும். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்காரத்தான் ஆள் இருக்காது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா போனவர் அங்கேயே தங்கி, ஆமாக்ஸ் என்ற பெரிய சுரங்கக் கம்பெனியின் தலைவரானார். 1980இல் மார்கரெட் தாட்சர் அரசு அவரை அரசு இரும்பு நிறுவனமான பிரிட்டிஷ் ஸ்டீலுக்குத் தலைவராகக் கூப்பிட்டது. அப்போது அவர் நியூயார்க்கில் லசார்ட் வங்கியின் பங்குதாரர். அவரை விட்டுக்கொடுப்பதற்கு அந்த வங்கிக்கு 18 லட்சம் பவுண்டு வரை தரலாம் என்று ஒப்பந்தம்! பார்லிமென்டில் ரகளையே நடந்தது. கால்பந்து ஆட்டக்காரரைக் கிளப் மாற்றுவதுபோல அறுபத்தேழு வயதுக்காரரை வாங்கினார்கள்.

பிரிட்டிஷ் ஸ்டீலில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். மூன்றே வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியே. நஷ்டம் பெருமளவு இறங்கியது. சரி, அதே கைவரிசையை நிலக்கரியிலும் காட்டட்டும் என்று 1983இல் தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவராக்கினார்கள்.

1984 மார்ச்சில் யார்க்‌ஷயரின் கார்ட்டன்வுட் சுரங்கத்தை மூடப்போவதாகச் செய்தி. அடுத்த சில நாளில், மொத்தம் 20 சுரங்கங்கள், 20,000 வேலைகள் என்று கணக்கு வெளிவந்தது. வேலைநிறுத்தம் வெடித்தது. சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில், ‘இருபது இல்லை, எழுபதுக்கு மேல்’ என்றார். ஜூனில் மெக்ரிகர் ஒவ்வொரு தொழிலாளி வீட்டுக்கும் கடிதம் போட்டு, அது பொய் என்றார். 2014இல் ரகசியக் கோப்புகளைத் திறந்தபோது, 1983 செப்டம்பரிலேயே 75 சுரங்கங்களை மூடும் திட்டம் அரசின் முன்னால் இருந்தது தெரியவந்தது.

எனக்கு இந்த மனுஷர்மேல் உள்ள கோபம் அந்தக் கடிதம்தான். நஷ்டத்தில் ஓடும் குழியை மூடுவது சரியா தப்பா என்று ராத்திரி முழுக்கப் பேசலாம். கம்பெனி முதலாளி திட்டத்தை மறைத்தால் அது அவர் வியாபாரம். ஊர்ப் பணத்தில் நடக்கும் வாரியத்தின் தலைவர், வயிற்றுப் பிழைப்பு போகப்போகிறவன் வீட்டுக்கே தபால் போட்டு அப்படிச் சொல்லலாமா? 1984 செப்டம்பரில் எடின்பரோவில் பேச்சுவார்த்தைக்கு வந்தபோது, நிருபர்களைப் பார்த்து முகத்தைப் பையால் மறைத்துக்கொண்டார். வேடிக்கைக்குத்தான் செய்தாராம். அந்தப் படம்தான் இன்றைக்கும் சுற்றுகிறது. 1986இல் ‘சர்’ பட்டம்; 1998இல் காலமானார்.

கேள்வி: 1908இல் எங்கள் கோரல் மில் வேலைநிறுத்தம் சில நாளில் ஜெயித்தது. பிரிட்டிஷ் சுரங்கக்காரர்கள் ஒரு வருடம் போராடியும் ஏன் தோற்றார்கள்?
- உப்பளக் கணக்கர், தூத்துக்குடி

பதில்: கோரல் மில்லில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள் என்றால், ஊரே சேர்ந்து சோறு போட்டது. துரைமார் பக்கம் பேசியவருக்கு நாவிதர்கூடச் சவரம் செய்ய மறுத்தார். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. (அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை, மார்ச் 12இல் வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூடு.)

அங்கே நிலைமை வேறு. மின் நிலையங்களில் நிலக்கரியை முன்கூட்டியே மலைபோலக் குவித்துவிட்டார்கள். நாட்டிங்கம்‌ஷயர் சுரங்கங்கள் பெரும்பாலும் வேலை செய்தன. நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தாமல் சங்கம் இறங்கியதால் அவர்களுக்கு அது நல்ல சாக்கு. குளிர்காலம் கடந்தும் விளக்கு அணையவில்லை. 1985 மார்ச்சில், எந்த ஒப்பந்தமும் இல்லாமல், பாண்டு வாத்தியமும் சங்கக் கொடியுமாகக் குழிக்குத் திரும்பினார்கள்.

கேள்வி: அரசு நிறுவனத்துக்குத் தனியார் துறை ஆளைத் தலைவராக்கலாமா, அண்ணாச்சி? தேர்வுக்குப் படிக்கிறேன்.
- மாணவி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக ஆக்கலாம் தாயி. எந்த வேலைக்குக் கூப்பிடுகிறோம் என்பதை ஊரறியச் சொல்லிவிட்டு ஆக்கட்டும். விடைத்தாளில் வருடத்தை மட்டும் மாற்றிவிடாதே: பிரிட்டிஷ் ஸ்டீல் தனியாருக்குப் போனது 1988, நிலக்கரி 1994. இரண்டும் மெக்ரிகர் அந்தப் பதவிகளை விட்டுப் போன பிறகு.