கியர்பாக்ஸ் ஆயில் 108 டிகிரி காட்டுகிறது: பெங்களூரு நெரிசலுக்குத் தனிக் கூலர் போட வேண்டுமா?

கேட்டவர் பிஎம்டபிள்யூ 330ஐ வைத்திருக்கிறார், ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்தது. மாலையில் மாரத்தஹள்ளியில் கிளம்பி சில்க் போர்டு வருவதற்குள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் 108 டிகிரிக்கு ஏறிவிடுகிறதாம். தனியாக ஆயில் கூலர் போடவா, சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றவா என்று இரண்டு கேள்வி. நானும் இதே ஊரில் இசட்எஃப் நிறுவனத்தின் இதே எட்டு கியர் பெட்டியைத்தான் ஓட்டுகிறேன், ரீமேப் மட்டும் கிடையாது.

108-க்குப் பதற வேண்டாம். அந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதில்தான் சிக்கல். ஆயில் சூட்டைக் காட்டும் அதே ஆப்பில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் தண்ணீர்) சூட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விப்பது வெளிக்காற்று இல்லை, இன்ஜினின் கூலன்ட்தான். இரண்டும் ஒரு சின்ன ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அப்படியென்றால் கூலன்ட் எவ்வளவோ, ஆயில் அதற்குக் கீழே போக வழியில்லை. பிஎம்டபிள்யூவின் பல டர்போ இன்ஜின்கள் லேசான சுமையில் எரிபொருள் சிக்கனத்துக்காகவே கூலன்டை 100-க்கு மேல் வைத்துக்கொள்ளும், அழுத்தி ஓட்டினால் அதை இறக்கிவிடும். கூலன்ட் 104, ஆயில் 108 என்றால் பெட்டி பத்திரமாக இருக்கிறது. கூலன்ட் 92-இல் நிற்க ஆயில் மட்டும் 115, 120 என்று ஏறினால், பெட்டிக்குள் ஏதோ வழுக்குகிறது என்று அர்த்தம். சிவாஜிநகரில் நான் காரைக் கொடுக்கும் தமிழ் மெக்கானிக் இதை ஒரே வரியில் சொல்வார்: "ஆயிலை அப்புறம் பாருங்க சார், முதல்ல தண்ணியைப் பாருங்க."

வழுக்கல் என்று சொன்னேன் இல்லையா, சூட்டின் கதையே அதுதான். வேகமாகப் போவதால் மட்டும் ஆயில் சூடாவதில்லை. இன்ஜினையும் பெட்டியையும் ஆயில் வழியாக இணைப்பது டார்க் கன்வெர்ட்டர்; அதை நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் பிடித்துவிட்டால் மணிக்கு 120 கிலோமீட்டரில் போனாலும் ஆயில் சாந்தமாக இருக்கும், ஹொசூர் தாண்டி கிருஷ்ணகிரி வரை போய்ப் பார்த்தாலே தெரியும். உங்கள் இன்ஜின் ரீமேப்புக்கு முன்பே 400 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை (டார்க்) தருகிறது. அந்த விசையில் ஒரு கிளட்ச் 300 ஆர்பிஎம் வழுக்கினால் சூடாகப் போவது சுமார் 12.5 கிலோவாட். 2 கிலோவாட் கீசர் ஆறைப் பெட்டிக்குள் ஒன்றாகப் போட்ட மாதிரி. ஓரிரு நொடிக்கு அது ஒன்றுமே இல்லை. மேம்பால ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரிலேயே காரை நிறுத்திப் பிடிப்பவர்களை ஹெப்பாளில் தினமும் பார்க்கலாம். சூடு அங்கேதான் ஏறுகிறது. முன்னால் இரண்டு கார் இடம் விட்டு ஒரே மூச்சில் நகருங்கள், அங்குலம் அங்குலமாக ஊராதீர்கள். அந்த இடத்தில் ஒரு ஆட்டோவும் மூன்று பைக்கும் நுழையும், நுழையட்டும்.

உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது ரீமேப்பைப் பற்றி. இன்ஜின் தான் எவ்வளவு விசை தருகிறது என்பதை ஒவ்வொரு கணமும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது, அதை வைத்துத்தான் பெட்டி தன் கிளட்ச்களை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று முடிவு செய்கிறது. ரீமேப் செய்து தரும் சில ட்யூனர்கள் பெட்டியின் டார்க் வரம்பில் முட்டாமல் இருக்க இந்த எண்ணைக் குறைத்துச் சொல்ல வைப்பார்கள். 500 வருகிறது, பெட்டிக்குத் தெரிந்தது 400. பிடி போதாமல் கிளட்ச் வழுக்கும், ஆயில் சூடாகும், கொஞ்ச நாளில் கியர் மாறும்போது ஒரு நடுக்கம் தெரியும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரின் மென்பொருள் ஃபைலையும் சேர்த்து மாற்றினீர்களா என்று உங்கள் ட்யூனரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், கூலருக்கு வைத்திருக்கும் பணத்தை அங்கே செலவழியுங்கள்.

அடுத்தது ஆயில். 'லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்று ஷோரூமில் சொல்வார்கள். பெட்டியைத் தயாரிக்கும் இசட்எஃப்போ மாற்றச் சொல்கிறது, அதிகபட்சம் எட்டு ஆண்டு. பொதுவாக 10 டிகிரி கூடினால் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பார்கள். நம் ஊர் ஓட்டத்துக்கும் ரீமேப்புக்கும் 60,000 கிலோமீட்டரில் மாற்றுவது என் கணக்கு. பெட்டியின் அடியில் ஆயில் தங்கும் தட்டும் (ஆயில் பேன்) ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் உருப்படி, அதையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பெட்டியில் டிப்ஸ்டிக் கிடையாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, பக்கவாட்டு பிளக்கைத் திறந்தால் மெல்லிய நூலாக வழிந்து நிற்க வேண்டும், அதுதான் அளவு. நெரிசலில் ஓட்டிக்கொண்டு போய் நேராக லிஃப்டில் ஏற்றினால் ஆயில் 90-இல் இருக்கும், விரிந்திருக்கும். எட்டு, ஒன்பது லிட்டர் ஆயில் 50 டிகிரிக்கு விரிந்தால் ஏறக்குறைய 300 மில்லி கூடுதலாகத் தெரியும். அந்த 300-ம் வழிந்து போய், மூடிய பிறகு பெட்டி குறைவான ஆயிலோடு ஓடும். ஏற்றத்திலும் வளைவிலும் பம்ப் காற்றை உறிஞ்சும், சூடு இன்னும் ஏறும். காரை முந்தின இரவே விட்டுவிட்டு வாருங்கள். காலையில் முதல் வேலையாக, ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

ரேடியேட்டர் பக்கமும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் காய்ந்த பூ, பூச்சி, மெட்ரோ வேலைத் தூசி எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும், வெளியிலிருந்து தெரியவே தெரியாது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே, காற்றின் அடர்த்தி சென்னையைவிடப் பத்து சதவீதம்போல் குறைவு. டர்போ அதை ஈடுகட்டி அதே சக்தியைத் தரும், ரேடியேட்டருக்கு அந்த வசதி இல்லை. இருக்கும் காற்றாவது தடையில்லாமல் போகட்டும்.

கூலர் எப்போது வேண்டும்? இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுவீர்கள் என்றால் வேண்டும். அங்கே 3.7 கிலோமீட்டர் சுற்று, சென்னை வெயில், நேர்ப்பாதை முடிந்ததும் கடும் பிரேக், திரும்பவும் முழு ஆக்ஸிலரேட்டர். மூன்று நான்கு சுற்றில் ஆயில் 120-ஐத் தாண்டினால், ஒரு சுற்று நிதானமாக ஓட்டி ஆறவிட்டு உள்ளே வாருங்கள், வந்ததும் இன்ஜினை அணைக்காதீர்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் தெர்மோஸ்டாட் (ஆயில் சூடான பிறகே திறக்கும் வால்வு) உள்ள காற்றுக் கூலராகப் பார்த்து, இருக்கும் எக்ஸ்சேஞ்சருக்கு அடுத்ததாகப் பொருத்தச் சொல்லுங்கள். சில்க் போர்டில் அது உதவாது. கார் நகராதபோது காற்று எங்கிருந்து வரும்? முன்னால் இடத்தை அடைத்துக்கொண்டு ஏசியையும் மந்தமாக்கும். வாரன்டி இருந்தால் அதுவும் கேள்விக்குள்ளாகும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கூலர் தேவையில்லை. மேனுவல் மோடில் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ பிடித்துக்கொண்டால் போதும், பெட்டி கியரைத் தேடித் தேடி மாற்றாது.

நியூட்ரல் கேள்விக்கு வருகிறேன். சிக்னலில் டி-யில் (டிரைவ்) பிரேக்கை மிதித்து நிற்பதால் வரும் சூடு சொற்பம், ஸ்டார்ட்-ஸ்டாப் இன்ஜினையே அணைத்தால் அதுவும் இல்லை. ஒவ்வொரு சிக்னலுக்கும் நியூட்ரல், டி என்று மாற்றினால் ஒவ்வொரு முறையும் கிளட்ச்கள் புதிதாகப் பிடிக்க வேண்டியிருக்கும். மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்று தெரிந்தால் பார்க்கில் போடுங்கள், மற்ற நேரம் டி-யிலேயே விடுங்கள்.