இடும்பன் இறக்கி வைத்த மலை

(காரைக்குடியிலிருந்து 26 வருடங்களாகத் தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போகும், பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டீச்சர், மகளுக்கு உடம்பு குணமானால் நடந்து வருவதாக வேண்டிக்கொண்டு, இந்த வருடம்தான் முதல் முறையாக மாலை போட்டேன். சமுத்திராபட்டி தாண்டியதும் கூட வந்த பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்தார். அவருக்குத் துணையாக நத்தத்தில் ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி இருந்தேன். அதற்குள் எங்கள் குழு திண்டுக்கல் போய்விட்டது. பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மறுபடி நடந்தேன். "நடுவில் வண்டி ஏறிவிட்டாய், நேர்த்திக்கடன் கழியவில்லை" என்கிறார் அம்மா. சாமி கும்பிட்டும் மனசு உறுத்துகிறது. என்ன செய்யட்டும்?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: தம்பி, அந்தப் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

நத்தத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே சுமார் 35 கிலோமீட்டர். அதை நினைத்துத்தானே உறுத்துகிறது? காவடி எப்படி வந்தது என்று உங்கள் அம்மாவுக்கும் தெரியும். அகத்தியர் சொன்னார் என்று இடும்பன் என்ற அசுரன் சிவகிரி, சக்திகிரி இரண்டு மலைகளையும் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பொதிகைக்குப் புறப்பட்டான். பழனி அடிவாரத்துத் திருவாவினன்குடி பக்கம் வந்ததும் களைத்துப்போய், கொஞ்ச நேரம் மூச்சு வாங்கலாம் என்று இறக்கி வைத்தான். அப்புறம் தூக்கிப் பார்த்தால் அசையவில்லை. மேலே பார்த்தால் கோவணத்தோடு ஒரு பையன் நிற்கிறான். சண்டை போட்டு, விழுந்து, மறுபடி உயிர் பெற்று, அவன் யாரென்று தெரிந்து கும்பிட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த மலைகள் கடைசி வரை பொதிகைக்குப் போய்ச் சேரவில்லை. சொன்ன இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு என்றால் இடும்பன் தோற்றவன். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? இடும்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் முருகனிடம் போகிறோம். அவன் தோளில் சுமந்த மாதிரிதான் இன்றைக்கும் காவடி சுமக்கிறோம். பாதி வழியில் பாரத்தை இறக்கி வைத்த ஒருவனுடைய பேரைச் சொல்லித்தான் இத்தனை லட்சம் பேர் நடக்கிறார்கள் தம்பி.

நீங்கள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு ராத்திரியும் கழுத்தில் மாலை இருந்ததல்லவா? விரதமும் இருந்தது. நடை நின்றிருக்கலாம், யாத்திரை நிற்கவில்லை. அந்த 35 கிலோமீட்டருக்குப் பரிகாரம் எதுவும் நான் சொல்லமாட்டேன். மனசு கேட்கவில்லை, நடந்தே தீர வேண்டும் என்று தோன்றினால் அடுத்த வருடம் அந்தப் பெரியவரையும் கேட்டுப் பாருங்கள். அவரால் முடிந்த தூரம் சேர்ந்து நடங்கள். அம்மாவிடம் கோபப்படாதீர்கள். பேத்திக்கு மறுபடி ஏதும் வந்துவிடுமோ என்ற பயத்தில் பேசுகிறார். மகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள், போதும்.

கேள்வி: கோபால்பட்டி வரும்போது திருமலைக்கேணி முருகனையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். வழி மாறினால் விரதம் கெடும் என்று குழுத் தலைவர் மறுத்துவிட்டார். சரியா?
– வாசகி, மேலூர்

பதில்: விரதம் கெடாது. அதுவும் அவன் வீடுதானே, சுனைத் தண்ணீரைக் கையில் அள்ளும்போது உங்களுக்கே தெரியும். ஆனால் 60, 70 பேரை ராத்திரி லாரி ஓடுகிற ரோட்டில் கூட்டிப் போகிறவருடைய கவலை வேறு. நாலு பேர் பிரிந்தால் அவர் தூங்கமாட்டார். புறப்படும் முன்பே பேசி, பகலில் போய்வர நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வழியில் தடங்கல் வந்தால் "முருகன் சோதிக்கிறான்" என்கிறார்களே, நம்பலாமா? உங்களுக்கு அப்படி நடந்ததுண்டா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: 'சோதனை' என்ற சொல் எனக்குப் பிடிக்காது. முப்பது வருடம் பரீட்சைத் தாள் திருத்தியவள் சொல்கிறேன். இன்னொருவர் மயங்கி விழுந்ததை எனக்கு வந்த கேள்வித்தாளாக ஆக்குகிற பேச்சு அது. அவர் வலி அவருடையது.

எனக்கு நடந்தது 2007-இல். விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம், கண்ணுக்கு முன்னால் கை தெரியாத பனி. நான் பின்தங்கிவிட்டேன். முன்னால் ஒரு டார்ச் வெளிச்சம் தெரிந்தது, நம் குழுதான் என்று அதன் பின்னாலேயே போனேன். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் அவர். அது புரியும்போது நத்தம் பக்கத்து மாந்தோப்பு ஒன்றுக்குள் நிற்கிறேன், வலது உள்ளங்காலில் கருவேல முள். அழுகை வந்துவிட்டது.

தோப்பை ஒட்டி ஒரு வீடு. பாட்டி ஒருத்தி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். மாலையைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க சாமி" என்றாள். திண்ணையில் உட்கார வைத்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். என்னைவிட முப்பது வயதாவது மூத்தவள், எனக்குக் கூசியது. கண்பார்வை மங்கல் அவளுக்கு. கட்டை விரலால் தடவித் தடவியே முள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ரவிக்கையிலிருந்த ஊக்கைக் கழற்றி நெம்பி எடுத்துவிட்டாள். விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துச் சுடவைத்துப் பூசினாள். பூசிய பிறகும் காலை விடவில்லை.

"இடுப்பு ஒடிஞ்சதிலேருந்து நான் மலை ஏறல சாமி, பத்து வருஷமாச்சு. இந்தக் கால் ஏறினா நான் ஏறின மாதிரி" என்று சொல்லிப் பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதுவரை என் வேண்டுதல், என் விரதம், என் நடை என்றே இருந்தேன். அந்த வருடம் பழனியில் 693 படியிலும் வலது காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் மெதுவாக வைத்தேன், உள்ளே ஒரு கிழவி இருப்பதுபோல. அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். சந்நிதியில் நின்று எனக்காக ஒன்றும் கேட்காமல் வந்தது அந்த ஒரு முறைதான்.

பாட்டி இப்போது இல்லை. நான் மட்டும் ஒவ்வொரு வருடமும் அந்த இடம் வந்ததும் குழுவிடம் சொல்லிவிட்டுத் தோப்புக்குள் திரும்புவேன். மருமகள் வாசலில் குடமும் டம்ளரும் வைத்திருப்பாள். தண்ணீர் குடித்துவிட்டு, குன்றக்குடியில் வாங்கிய விபூதிப் பொட்டலத்தைக் கொடுப்பேன். திரும்பி வருவது பஸ்ஸில்தான். வழியில் இறங்கி, பஞ்சாமிர்த டப்பா ஒன்றை அந்தத் திண்ணையில் வைத்துவிட்டு அடுத்த பஸ் பிடிப்பேன்.