திரையில் பளிச்சென்று இருக்கும் நீலம் அச்சில் ஏன் ஊதாவாக மங்குகிறது?

பத்திரிகையை அடர் நீலத்தில் வடிவமைத்தீர்கள், கைக்கு வந்தது ஊதா. இதற்கு அச்சகத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

திரை தானே ஒளி விடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுதாகச் சேர்ந்தால் வெள்ளை. தாளுக்குச் சொந்த ஒளி இல்லை. மேலே விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை மை விழுங்கிவிட, மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. அதனால் மை கூடக் கூட இருட்டும்.

இதில் அதிகம் அடிபடுவது நீலம்தான். வழக்கமான நான்கு வண்ண அச்சில் நீல மையே கிடையாது. சயான் (பச்சை கலந்த வெளிர்நீலம்) மேல் மெஜந்தாவை (ஊதா கலந்த ரோஸ் நிறம்) ஏற்றித்தான் நீலத்தைக் கொண்டுவருகிறார்கள். மெஜந்தா மை பச்சையை மட்டும் விழுங்கினால் சரி, நீலத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் ஏறக்குறைய சம அளவில் வைத்தால் ஊதா அடிக்கும். சயான் 100 சதவீதம் என்றால் மெஜந்தாவை 70 சதவீதத்துக்குள் வையுங்கள், நீலம் நீலமாகவே நிற்கும். ஆனால் திரையின் அந்தப் பளபளப்பு இந்த மைகளுக்கு எட்டாது. அதுதான் கட்டாயம் வேண்டுமென்றால் தனி நீல மை போடச் சொல்லுங்கள், செலவு கூடும்.

அப்புறம், தாளை மஞ்சள் பல்பின் கீழ் வைத்து ஒப்பிடாதீர்கள். அச்சுத் துறையில் இதற்கென்றே பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை ஒளி தரும் 5000 கெல்வின் விளக்கு வைத்திருப்பார்கள். வீட்டில் பகல் வெளிச்சம் போதும்.