வீட்டுக்கு வந்தும் அலாரம் அடிக்குது!

கேள்வி: அக்கா, ஆறு வருஷமா ஐசியூல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். இப்பல்லாம் டூட்டி முடிஞ்சு வந்து படுத்தாலும் காதுக்குள்ள மானிட்டர் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு, போன் அடிச்சாக்கூட திடுக்குனு எழுந்துக்கிறேன். போன வாரம் என் பேஷன்ட் இறந்தப்போ அழுகையே வரல, அடுத்து அந்த பெட்டுக்கு யார் வரப்போறாங்கன்னுதான் யோசிச்சேன். நான் கல்லாயிட்டேனா? வேலைய விட்டுடவா? (பேர் வேண்டாம்)

பதில்: மொதல்ல அந்த சத்தம். ஐசியூல அடிக்கிற அலாரத்துல பெரும்பாலானது ஒண்ணுமில்லாததுதான், விரல்ல மாட்டின புரோப் நழுவியிருக்கும், பேஷன்ட் கைய அசைச்சிருப்பார், ஆனா எது நெஜம்னு தெரியணும்னா ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாத்துதானே ஆகணும், நாள் பூரா அப்படியே இருந்த உடம்பு வீட்டுக்கு வந்ததும் சட்டுனு அடங்கிடுமா? நானெல்லாம் நார்அட்ரினலின் (பிபி எறங்காம தாங்கிப் பிடிக்கிற மருந்து) சிரிஞ்ச் தீரப்போகுதுன்னு பம்ப் கத்துற மாதிரி கனவு கண்டு எழுந்து, இருட்டுல புது சிரிஞ்ச் தேடியிருக்கேன். கைல கிடைச்சது டார்ச் லைட்டு.

அழுகை வராததுக்கு வருவோம். இதுக்குப் பேர் பர்ன்அவுட், வேலையால மனசும் உடம்பும் களைச்சுப்போறது. 2019ல உலக சுகாதார நிறுவனம் அத நோய்னு சொல்லல, நாள்கணக்கா இழுத்துக்கிட்டே போய் சரிபண்ணாம விட்ட வேலை அழுத்தத்தால வர்றதுன்னு சொன்னாங்க. தெம்பெல்லாம் வத்திப்போறது, வேலைமேல ஒட்டுதல் இல்லாம போறது, நாம செய்யறதுல என்ன பிரயோஜனம்னு தோணறதுன்னு மூணு அடையாளம். நீ எழுதினது ரெண்டாவது. கல்லெல்லாம் இல்லம்மா, தாங்க முடியாம மனசு கதவ சாத்திக்கிச்சு, அவ்ளோதான்.

நீ எழுதாத ஒண்ணும் இருக்கும்னு நினைக்கிறேன். பொழைக்க மாட்டார்னு எல்லாருக்கும் தெரிஞ்ச பேஷன்ட்டுக்கு, எல்லாம் பண்ணுங்கன்னு சொந்தக்காரங்க சொல்லிட்டதால ராத்திரி பூரா சளிய உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போட்டு, ரத்தம் எடுத்து, திருப்பிப் படுக்கவச்சுன்னு நம்ம கைதானே செய்யும். சரி எதுன்னு தெரிஞ்சும் செய்ய முடியாம நிக்கிற இந்த வலிக்கு 1984லயே ஆண்ட்ரூ ஜேம்ட்டன்ங்கிறவர் மாரல் டிஸ்ட்ரெஸ்னு பேர் வச்சிட்டார். இதுக்குப் போய் யோகா கிளாஸ் வைக்கிறாங்க (எங்களுக்கும் வச்சாங்க, நைட் முடிச்சு வந்தவங்கள உக்காரவச்சு, பாதிப்பேர் தூங்கிட்டோம்).

எனக்குக் கோவம் வர்றதே இங்கதான். ஆள் போடாம மனச தேத்திக்கோன்னா எப்படி? 2002ல லிண்டா எய்க்கன்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு அமெரிக்காவுல பென்சில்வேனியா ஆஸ்பத்திரிகள்ல ஆபரேஷன் ஆன பேஷன்ட்டுகள வச்சு பாத்தப்போ, ஒரு நர்ஸுக்கு ஒரு பேஷன்ட் கூடினா பர்ன்அவுட் வாய்ப்பு 23% கூடுச்சு, 30 நாளுக்குள்ள பேஷன்ட் இறக்குற வாய்ப்பு 7% கூடுச்சு. ஆக இது உன் மனசு சமாச்சாரம் மட்டும் இல்ல, பேஷன்ட்டோட உயிர் சமாச்சாரம். அதனால எந்த ஷிஃப்ட்ல எத்தன வென்ட்டிலேட்டர் கேஸ் உன்கிட்ட இருந்துச்சு, எத்தன மணிக்கு வெளிய வந்தேன்னு தேதி போட்டு எழுதி வை, பேஷன்ட் பேர் மட்டும் எழுதிடாத. ரெண்டு மூணு பேர் சேர்ந்து இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட எழுத்துல குடுங்க. தனியா வாயால சொன்னா அது புலம்பல்னு போயிடும்.

மரணம் நடந்தா, பெட் கிளீன் பண்றதுக்கு முன்னாடி டீமா ஒரு நிமிஷம் அமைதியா நில்லுங்க. பெருசா என்ன ஆயிடப்போகுதுன்னு நானும் நினைச்சவதான். மொத தடவை நின்னப்போ வார்டு பாய் தம்பி இறந்துபோன பெரியவரோட கண்ணாடிய துடைச்சு கவர்ல போட்டான், அதப் பாத்துதான் மாசக்கணக்குல வராத அழுகை எனக்கு வந்துச்சு.

வேலைய விடறதப் பத்தி நைட் டூட்டி முடிஞ்ச காலைல மட்டும் முடிவெடுக்காத. மொதல்ல கொஞ்ச மாசம் வேற வார்டுக்கு மாத்தச் சொல்லி கேளு. தூக்கமே வரல, செத்துடலாம்னு தோணுதுன்னா மட்டும் இதெல்லாம் ஓரமா வச்சிட்டு அன்னிக்கே மனநல டாக்டர பாரு, ஓபி டோக்கன் போட வெக்கப்படாத.