மாட்டுல அடிபட்ட காரும் வெட்டுப்பட்ட கிளெய்மும்

கேள்வி: அண்ணே, நான் கல்முனை. போன கிழமை ராவு மட்டக்களப்பில இருந்து வரக்குள்ள களுவாஞ்சிக்குடி தாண்டி ரோட்டுல படுத்துக் கிடந்த மாட்டுல கார் அடிச்சிட்டு. வேகன் ஆர், புல் இன்சூரன்ஸ். அந்த இடத்திலயே ஹொட்லைனுக்கு அடிச்சன், ஆள் வந்து போட்டோ எடுத்தவர். கராஜ் எஸ்டிமேட் 4,50,000. கம்பனி 2,80,000 தான் தருவமாம், கையெழுத்து வைக்கச் சொல்றாங்க. வருசா வருசம் புல் எண்டுதானே கட்டினன், இது ஏமாத்து இல்லையா?

பதில்: தம்பி, கையெழுத்த இப்ப வைக்காதீங்க. ஆனா ஏமாத்து எண்டும் சொல்ல ஏலாது. நீங்க அனுப்பின பொலிசியில காருக்குப் போட்டிருக்கிற பெறுமதி 40 லட்சம், அசெசர் (சேதத்த மதிப்பிட கம்பனி அனுப்பிற ஆள்) ரிப்போட்ல மார்க்கெட் விலை 60 லட்சம், அப்ப காரில மூண்டுல ரெண்டு பங்குதான் இன்சூர் பண்ணியிருக்கீங்க, அதால சேதத்திலயும் மூண்டுல ரெண்டு பங்குதான் தருவாங்க, 3,00,000 வரும், அதுல உங்கட எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலயும் நீங்களே கையால போட வேண்டிய பங்கு, 20,000 போனா 2,80,000. கணக்கு சரி. புல் எண்டது என்னென்ன சேதத்துக்குத் தருவாங்க எண்டதுக்குத்தான், எவ்வளவு தருவாங்க எண்டது அந்த 40 லட்சத்தில இருக்கு.

2020 பங்குனியில வாகன இறக்குமதிய நிப்பாட்டினதோட பழைய காரெல்லாம் விலை ஏறிட்டு, ஆனா ரினிவலுக்கு ஏஜென்ட் போன் அடிச்சா நாமளும் "போன முறை போட்டதையே போடுங்க, பிரீமியத்தக் கூட்டாதீங்க" எண்டுதான் சொல்றது, அவரும் கஸ்டமர் போயிடுவார் எண்டு வாயத் திறக்க மாட்டார். (இந்த விசயத்தில எனக்கு ஏஜென்ட்மாரில கோவம்தான்.)

நீங்க சண்டை பிடிக்கிறதெண்டா அந்த 60 லட்சத்திலதான் பிடிக்கணும். அது எப்பிடி வந்த கணக்கு எண்டு எழுத்தில கேளுங்க. அடிபட்ட நேரத்தில உங்கட காருக்கு இருந்த விலைதான் கணக்கு, அதே வருசம், அதே மொடல், ஓடின கிலோமீட்டரும் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கிற காருகள் என்ன விலைக்குப் போட்டிருக்காங்க எண்டு விளம்பரங்கள ஸ்கிரீன்சொட் எடுத்து ஈமெயில் பண்ணுங்க. 55 லட்சத்துக்கு ஒத்துக்கிட்டாங்க எண்டா உங்களுக்கு 27,000 கிட்ட கூட வரும். பொலிசியையும் ஒருக்கா வாசிங்க, சில பொலிசியில சின்ன வித்தியாசத்துக்கு வெட்ட மாட்டம் எண்டு ஒரு வரி இருக்கும். கையெழுத்து கேக்கிற பேப்பர்ல "முழுக் கிளெய்மும் தீர்ந்தது" எண்டு இருந்தா வைச்சதுக்குப் பிறகு கேக்கிறது கஷ்டம்.

கராஜ்ல "எஸ்டிமேட்டக் கூட்டித் தாறன்" எண்டு சொல்லுவாங்க. வேணாம். பொய் எண்டு பிடிச்சா உள்ள 2,80,000 உம் போயிடும்.

பிராஞ்ச்ல சரிவரல்லயா, ஹெட் ஒபிசுக்கு எழுத்தில முறைப்பாடு போடுங்க. அதுக்கும் நல்ல பதில் இல்லாட்டி கொழும்புல இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மன் (கம்பனிகளுக்கு எதிரான முறைப்பாட்ட விசாரிக்கிறவர்) இருக்கார், அவருக்கு எழுதலாம், சல்லி கட்டத் தேவையில்ல. முதல்ல கம்பனிக்கிட்ட கேட்டுப் பாத்த பேப்பர் கையில இருக்கணும், அதால போன்ல மட்டும் பேசிக்கிட்டு இருக்காதீங்க.

மறுகா, கார் திருத்தி வந்த உடனே பெறுமதியக் கூட்டச் சொல்லுங்க, ரினிவல் வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கத் தேவையில்ல, மிச்ச மாசத்துக்குத்தான் கூடுதல் பிரீமியம் எடுப்பாங்க. நாளைக்கு கார் முழுசா நொருங்கினா 40 லட்சத்துக்கு மேல ஒரு சதமும் வராது, அதுலயும் லீசிங் இருந்தா அவங்கட பாக்கி போகத்தான் உங்களுக்கு.